11 இலக்கங்கள்: ஆஸ்திரேலியத் தொழில் எண் ஒன்றின் கதை

"ஏபிஎன் எடுத்துட்டு வா தம்பி, நாளைக்கே வேலையில சேர்ந்துக்கலாம்."

மெல்பர்னில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பனிடம் ஓர் உணவகக்காரர் சொன்னது இது. வேலை என்னவோ பாத்திரம் கழுவுவதும் வெங்காயம் வெட்டுவதும்தான். நண்பன் அன்று இரவே மடிக்கணினியைத் திறந்தான். பெயர், பிறந்த தேதி, வரிக்கோப்பு எண், முகவரி, என்ன தொழில், எப்போது தொடங்குகிறீர்கள் என்று சில கேள்விகள். அரை மணி நேரத்தில் 11 இலக்க எண் ஒன்று திரையில் வந்துவிட்டது. ஒரு சென்ட் கூடச் செலவில்லை.

"மச்சான், நான் இப்ப பிசினஸ்மேன்டா!" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அடுத்தவர் அடுப்படியில், அடுத்தவர் கத்தியால், அடுத்தவர் சொல்லும் நேரத்தில் வெங்காயம் வெட்டுகிறவன் எப்படி பிசினஸ்மேன் ஆனான்? இந்த எண்ணை யார், எதற்காகக் கொண்டுவந்தார்கள்? தேடப் போனால் கதை 1930 வரை பின்னால் போகிறது. படித்ததை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எண் என்றால் என்ன?

ஏபிஎன் என்பது ஆஸ்திரேலியன் பிசினஸ் நம்பர் என்பதன் சுருக்கம். பெரிய சுரங்க நிறுவனத்துக்கும் உண்டு, தனி ஆளாகப் புல் வெட்டப் போகிறவருக்கும் உண்டு. தனி ஆளாகத் தொழில் செய்பவரை இங்கே 'சோல் டிரேடர்' என்கிறார்கள். கம்பெனி, பங்குதாரர் என்று எதுவும் கிடையாது. அவரே தொழில், தொழிலே அவர். லாபம் வந்தால் அவருக்கு, கடன் வந்தாலும் அவர் தலையில்தான். தொழில் வருமானத்தையும் தன் சொந்த வருமான வரிக் கணக்கிலேயே காட்டுவார்.

11 இலக்கங்களில் கடைசி 9 தான் உண்மையான அடையாளம். முதல் 2 இலக்கங்கள் சரிபார்ப்புக்காகச் சேர்க்கப்பட்டவை. கணக்குப் பிடிக்கும் என்றால் இதைச் செய்து பாருங்கள். ஆஸ்திரேலிய வரித்துறைக்கே ஓர் ஏபிஎன் இருக்கிறது: 51 824 753 556. முதல் இலக்கத்தில் 1-ஐக் கழியுங்கள், 5 என்பது 4 ஆகும். இப்போது வரிசையாக 10, 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17, 19 ஆகிய எண்களால் ஒவ்வோர் இலக்கத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள். 534 வரும். அதை 89-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 6. மீதி வந்தால் அது போலி எண், அல்லது யாரோ தவறாகத் தட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இந்த எண் ரகசியம் இல்லை. அரசின் இணையதளத்தில் யாரும் யாருடைய ஏபிஎன்னையும் தேடலாம். பெயர், எந்த மாநிலம், அஞ்சல் குறியீடு, எப்போதிலிருந்து நடப்பில் உள்ளது, ஜிஎஸ்டி பதிவு உண்டா என்பதெல்லாம் தெரியும். வரிக்கோப்பு எண்ணோ இதற்கு நேர் எதிர். அதைக் கண்டவரிடம் சொல்லக்கூடாது, மற்றவர் அதைக் கேட்பதற்கும் வைத்திருப்பதற்கும் கடுமையான சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள், ஒன்று மூடிய பெட்டியில், மற்றொன்று கடை வாசல் பலகையில். ஏன் இந்த வித்தியாசம்? இங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

பழைய வரியும் ஒரு புதிய யோசனையும்

1930. உலகப் பொருளாதார மந்தம் ஆஸ்திரேலியாவைப் போட்டுப் புரட்டியெடுத்துக்கொண்டிருந்தது. கஜானா காலி. ஸ்கல்லின் அரசு மொத்த விற்பனை வரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் 2.5 சதவீதம்தான். வருடங்கள் போகப் போக ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விகிதம் என்று அது சிக்கலாகிக்கொண்டே போனது. அதைவிடப் பெரிய ஓட்டை, அது பொருள்களுக்கு மட்டும்தான். முடி வெட்டுபவர், குழாய் பழுது பார்ப்பவர், வக்கீல் ஆகியோரின் சேவைகள் வரிக்குள் வரவே இல்லை. நாட்டின் பொருளாதாரமோ பொருள்களிலிருந்து சேவைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

1975-இல் நீதிபதி ஆஸ்ப்ரே தலைமையிலான வரிச் சீராய்வுக் குழு, பொருள் சேவை இரண்டையும் தழுவிய பரந்த வரி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. பத்து ஆண்டுகள் கழித்து, 1985 ஜூலையில், கான்பெர்ராவில் வரி மாநாடு கூடியது. அன்றைய நிதியமைச்சர் பால் கீட்டிங் 12.5 சதவீத நுகர்வு வரியை முன்வைத்தார். தொழிற்சங்கங்களும் மற்றவர்களும் ஏற்கவில்லை. அதுவும் போனது.

ஆனால் அதே மாநாட்டில் இன்னொரு யோசனையும் பேசப்பட்டது. வரி ஏய்ப்பைத் தடுக்க, ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள அட்டை!

"எங்களுக்கு நம்பர் போடாதே!"

'ஆஸ்திரேலியா கார்டு' என்று அதற்குப் பெயர். பாப் ஹாக் அரசு மசோதா கொண்டுவந்தது. செனட் நிராகரித்தது. மறுபடியும் கொண்டுவந்தார்கள், மறுபடியும் நிராகரிப்பு. உடனே இரு அவைகளையும் கலைத்து 1987 ஜூலையில் தேர்தல். ஹாக் வென்றார். இனி அட்டை வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வென்ற பிறகுதான் வேடிக்கை. மக்களிடையே எதிர்ப்பு நாளுக்கு நாள் பெருகியது. அரசாங்கம் நம்மை எண்களாக்கப் பார்க்கிறது என்ற கோபம். அந்த நேரத்தில் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் மசோதாவில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். சட்டம் இயங்கத் தேவையான தொடக்கத் தேதியை ஒழுங்குவிதி மூலம் அறிவிக்க வேண்டும், அந்த விதியை செனட் ரத்து செய்துவிட முடியும்! செனட்டோ எதிர்க்கட்சிகளின் கையில். 1987 செப்டம்பரில் அரசு திட்டத்தையே கைவிட்டது.

அதற்குப் பதிலாக 1988-இல் ஏற்கெனவே இருந்த வரிக்கோப்பு எண்ணைப் பலப்படுத்தினார்கள். கூடவே அதே ஆண்டு தனியுரிமைச் சட்டமும் வந்தது. மூடிய பெட்டிக்கான காரணம் இப்போது புரிகிறதல்லவா? மக்களின் பயத்துக்குக் கொடுத்த விலை அது.

ஆக, மனிதனுக்குப் பொது எண் போட முயன்று அரசு தோற்றது. அதே மனிதனைத் 'தொழில்' என்று அழைத்துப் பொது எண் கொடுத்தபோது யாரும் தெருவில் இறங்கவில்லை. பதிமூன்றே ஆண்டுகளில் மக்கள் தாங்களாகவே விண்ணப்பித்து வாங்கினார்கள்.

கேக்கும் தேர்தலும்

இடையில் ஒரு சுவையான அத்தியாயம். 1991-இல் எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹியூசன் 'ஃபைட்பேக்' என்ற திட்டத்தை வெளியிட்டார். 15 சதவீத ஜிஎஸ்டி அதன் மையம். 1993 தேர்தலில் அவர் தோற்கவே முடியாது என்றார்கள். வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு தொலைக்காட்சிப் பேட்டியில் மைக் வில்லஸி ஓர் எளிய கேள்வி கேட்டார். கடையில் பிறந்தநாள் கேக் வாங்கினால் உங்கள் வரியால் விலை கூடுமா, குறையுமா? பொருளாதாரப் பேராசிரியரான ஹியூசன் கேக்கின் மேல் அலங்காரம் உண்டா இல்லையா என்றெல்லாம் விளக்கப் போய்ச் சிக்கிக்கொண்டார். தேர்தலில் தோற்றார். அந்தக் கேக் ஆஸ்திரேலிய அரசியலில் இன்றும் பேசப்படுகிறது.

1995-இல் அதே கட்சியின் ஜான் ஹோவர்ட், ஜிஎஸ்டி எங்கள் கொள்கையாக ஒருபோதும் இருக்காது என்றார். 1996-இல் பிரதமரானார். 1998 தேர்தலில் 10 சதவீத ஜிஎஸ்டியோடு மக்கள் முன் வந்து நின்றார்! மொத்த வாக்குகளில் எதிர்க்கட்சியைவிடப் பின்தங்கினாலும் இடங்களில் வென்றார். செனட்டில் பெரும்பான்மை இல்லை. 1999 மே மாதம் ஜனநாயகக் கட்சித் தலைவர் மெக் லீஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. காய்கறி, இறைச்சி, பால் போன்ற அடிப்படை உணவுகளுக்கு விலக்கு என்ற நிபந்தனையோடு சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டக் கட்டில் ஒன்றுதான் 1999-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியத் தொழில் எண் சட்டம். 2000 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டியும் ஏபிஎன்னும் சேர்ந்தே நடைமுறைக்கு வந்தன. (இந்தியாவில் ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. சரியாகப் பதினேழு ஆண்டுகள் பின்னால்.)

எண் இல்லாவிட்டால் பாதி காசு போச்சு

ஜிஎஸ்டிக்கு ஏன் எண் வேண்டும்? ஒரு பெயிண்டர் கடை ஒன்றுக்கு வண்ணம் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலி 1,000 டாலர், ஜிஎஸ்டி 100, ஆக மொத்தம் 1,100. பெயிண்டர் அந்த 100-ஐ வரித்துறைக்குக் கட்டுகிறார். கடைக்காரர் தான் கொடுத்த 100-ஐத் தன் வரியிலிருந்து கழித்துக்கொள்கிறார். இந்தச் சங்கிலி சரியாக ஓட வேண்டுமானால், யார் யாரிடம் வாங்கினார் என்று தெரிய வேண்டும். பில்லில் ஓர் எண் இருந்தால்தான் முடியும்.

சரி, எண் வாங்க மாட்டேன், ரொக்கமாகக் கொடு என்று பெயிண்டர் சொன்னால்? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். ஏபிஎன் இல்லாத ஒருவருக்கு ஒரு தொழில் நிறுவனம் பணம் கொடுத்தால், உச்ச விகிதத்தில் வரியைப் பிடித்துவைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 2000-இல் அது 48.5 சதவீதம். 2017 ஜூலை முதல் 47 சதவீதம். 1,000 டாலர் வேலைக்குக் கையில் 530 தான் வரும். 75 டாலர் வரையிலான சில்லறைத் தொகைக்கு விலக்கு. பொழுதுபோக்காகச் செய்தேன், தொழில் இல்லை என்று எழுதிக் கொடுப்பவருக்கும் விலக்கு உண்டு.

யோசித்துப் பாருங்கள், வரித்துறை ஆள் அனுப்பவே தேவையில்லை. பணம் கொடுப்பவரே "நம்பர் எங்கே?" என்று கேட்பார். காவல்காரர் வேலையை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிட்டார்கள்.

இது முற்றிலும் புதிய யோசனையும் இல்லை. கட்டுமானத் துறையில் துணை ஒப்பந்தக்காரர்கள் வருமானத்தை மறைக்கிறார்கள் என்று 1983-லேயே, பணம் கொடுக்கும்போதே வரி பிடிக்கும் முறை ஒன்று கொண்டுவரப்பட்டிருந்தது. 2000-இல் அது நின்று, அந்த இடத்தில் ஏபிஎன் எல்லாத் துறைக்கும் வந்தது.

சிறு வணிகர்கள் மகிழ்ச்சியடைந்தார்களா என்றால் இல்லை. எண் வாங்குவது எளிதுதான், ஆனால் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டிய படிவம் தலையைச் சுற்ற வைத்தது. எதிர்ப்பு பலமாகி, 2001 பிப்ரவரியில் அரசு அதை எளிமையாக்கியது. ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் வரம்பு ஆரம்பத்தில் ஆண்டு விற்றுமுதல் 50,000 டாலர், 2007 ஜூலை முதல் 75,000 டாலர். அதற்குக் கீழே இருக்கும் சோல் டிரேடருக்கு ஏபிஎன் மட்டும் போதும். டாக்சியும், செயலி மூலம் பயணிகளை ஏற்றும் காரும் ஓட்டுபவர்களுக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது, முதல் டாலரிலிருந்தே ஜிஎஸ்டி உண்டு.

வரிக்காக வந்த எண், வேலைக்குள் புகுந்தது

இதுவரை எல்லாம் வரிக் கதை. இனிதான் என் நண்பனின் கதை வருகிறது.

ஊழியர் என்றால் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. முதலாளி தன் கையிலிருந்து ஓய்வூதிய நிதி கட்ட வேண்டும், 2025 ஜூலை முதல் அது 12 சதவீதம். வேலையில் அடிபட்டால் காப்பீடு உண்டு. நிரந்தர ஊழியருக்கு விடுப்பு உண்டு. ஒப்பந்தக்காரர் என்றால் பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. அவர் ஒரு 'தொழில்', தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஒரு வித்தியாசம் இருந்தால் சில முதலாளிகளுக்கு என்ன தோன்றும்? ஊழியரையே "ஏபிஎன் எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டால் செலவு மிச்சம்! எண்ணோ இலவசம், அரை மணி நேரத்தில் கிடைக்கிறது. அரசு வரியை வசூலிக்க எளிதாக்கி வைத்த கதவு, வேறு ஒருவருக்கும் வசதியாகப் போயிற்று.

இந்தத் தகராறு ஏபிஎன்னுக்கும் முந்தையது. 1994-இல் சிட்னியில் சைக்கிளில் வந்த ஒரு கூரியர், நடைபாதையில் ஒருவர் மீது மோதி முழங்காலைக் காயப்படுத்திவிட்டுப் போய்விட்டார். ஆள் யாரென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மேல்சட்டையில் 'கிரைசிஸ் கூரியர்ஸ்' என்ற பெயர் மட்டும் தெரிந்தது. அவர் எங்கள் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர் என்றது நிறுவனம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது (இங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்). 2001-இல் தீர்ப்பு வந்தது. நிறுவனச் சீருடை அணிந்து, நிறுவனம் சொன்ன கூலிக்கு, நிறுவனம் சொன்ன விதிப்படி சைக்கிள் மிதிப்பவர் சொந்தத் தொழில் நடத்துகிறார் என்று சொல்ல முடியாது, அவர் ஊழியரே என்றது நீதிமன்றம்.

2009-ஆம் ஆண்டின் நியாயப் பணிச் சட்டம், ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று பொய்யாகக் காட்டுவதைத் தடைசெய்து அபராதம் விதித்தது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2022 பிப்ரவரி 9 அன்று உயர்நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. ஒன்றில், பெர்த் நகரில் கட்டுமானக் கூலியாக இருந்த பிரிட்டிஷ் இளைஞர் 'சுயதொழில் ஒப்பந்தக்காரர்' என்று காகிதத்தில் எழுதப்பட்டிருந்தும் ஊழியரே என்றது. மற்றொன்றில், ஒரே நிறுவனத்துக்குப் பல பத்தாண்டுகள் லாரி ஓட்டிய இருவரை ஒப்பந்தக்காரர்கள் என்றது. அவர்கள் 1980களின் நடுவில், நிறுவனம் கேட்டதால் லாரிகளைச் சொந்தமாக வாங்கியவர்கள். பெயர்ப்பலகை முக்கியமில்லை, ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய உரிமைகளும் கடமைகளும்தான் முக்கியம் என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

காகிதத்தை யார் எழுதுகிறார்கள்? முதலாளிதானே! அதனால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஆகஸ்ட் 26 முதல், நியாயப் பணிச் சட்டத்தின் கீழ் வரும் பெரும்பாலானோருக்கு, ஒப்பந்தத்தை மட்டும் பார்க்காமல் நடைமுறையில் உறவு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதே நாளிலிருந்து, செயலி வழியே உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் போன்றோருக்குக் குறைந்தபட்ச நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரமும் நியாயப் பணி ஆணையத்துக்குக் கிடைத்தது. 2020-இன் பிற்பகுதியில் சில வாரங்களுக்குள் ஐந்து உணவு விநியோக ஊழியர்கள் சாலை விபத்துகளில் இறந்துபோனது இந்த விவாதத்தை மறக்க முடியாததாக ஆக்கியிருந்தது. இறந்தவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். எங்களைப் போல.

நண்பன் என்ன செய்தான்?

இவ்வளவையும் படித்துவிட்டு அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் எடுத்தது தப்பா?" என்றான்.

எண் எடுத்தது தப்பில்லை. வார இறுதியில் வீடுகளுக்குப் போய்க் கணினி பழுது பார்த்து, தானே விலை சொல்லி, தானே பில் போட்டால் அந்த எண் அவனுக்கு வேண்டியதுதான். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அதுவும் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்புக்குள் கணக்காகும், அவ்வளவுதான். ஆனால் ஏபிஎன் வைத்திருப்பதாலேயே ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று வரித்துறையே தெளிவாகச் சொல்கிறது. எண்ணை வைத்து வேலையைத் தீர்மானிக்க முடியாது, வேலையை வைத்துத்தான் எண் தேவையா என்று தீர்மானிக்க வேண்டும்.

எனவே நாங்கள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். வரும் நேரத்தை யார் சொல்கிறார்? கடைக்காரர். மணிக்கு எவ்வளவு என்று? கடைக்காரர். கத்தி, ஏப்ரன்? கடையுடையது. எனக்குப் பதில் வேறொருவனை அனுப்பலாமா? கூடாது. வெங்காயம் கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு? கடைக்கு. ஐந்து கேள்விக்கும் பதில் ஒரே பக்கம் சாய்ந்தது.

மறுநாள் நண்பன் போய், "அண்ணா, என்னை வரிக்கோப்பு எண்ணில், சம்பளச் சீட்டோடு சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான். "பார்த்துட்டு கூப்பிடுறேன்" என்றாராம். கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கையில் காசில்லாமல் திண்டாடினான். அதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் சட்டத்தில் உரிமை இருப்பதும் அடுத்த மாத வாடகை கையில் இருப்பதும் வேறு வேறு. பிறகு வேறோர் இடத்தில் வேலை கிடைத்தது. மணி நேரம் குறைவு. ஆனால் ஒவ்வொரு வாரமும் சம்பளச் சீட்டு வருகிறது, அதில் ஓய்வூதிய நிதிக்கு என்று ஒரு வரி இருக்கிறது. முதல் சீட்டை என்னிடம் காட்டினான்.

ஏபிஎன்னை ரத்து செய்துவிட்டான். அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் எண் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடவில்லை. தேடினால் இன்றும் அவன் பெயர் வருகிறது. பிசினஸ்மேனாக அவன் இருந்த நாட்கள் தேதியோடு இருக்கின்றன, பக்கத்தில் 'ரத்து' என்ற சொல்லோடு.